சந்தைக்குப் போகும் மாடும் உடன் போகவேண்டிய பெட்டியும்

கண்ணபுரம் மாரியம்மன் கோயிலில் சித்திரை மாதத்திலும், அந்தியூர் குருநாதசுவாமி கோயிலில் ஆடி மாதத்திலும், திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தை ஒட்டியும் கூடும் மாட்டுச் சந்தைகள் தமிழ்நாட்டுக் குடியானவர்கள் யாவரும் அறிந்தவையே. இவ்விடங்களுக்கு மாடு கொண்டுபோக எண்ணுவோர் பல நாட்களுக்கு முன்னரே ஆயத்தம் செய்யத் தொடங்குகின்றனர். பருத்திக்கொட்டையின் அளவு கூடுகிறது. தினமும் தேய்த்துக் குளிப்பாட்டுதல் நடைபெறுகிறது. கொம்பு சீவப்படுகிறது, புதுச் சலங்கையும், நெற்றிப்பட்டமும், கொம்புக் குப்பியும் வாங்கப்படுகின்றன. இவ்வளவும் செய்தபின், புறப்படும் தினத்தன்று மாட்டை லாரியில் ஏற்றிவிட்டு, ஒரு கட்டுத் தட்டையும் ஒரு கயிற்றையும் உடன் போட்டுக்கொண்டு, மற்றவை யாவும் போகுமிடத்தில் கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு அநேகர் கிளம்பிவிடுகின்றனர். இந்த நம்பிக்கையே பெருந்தவறு என்பதை எடுத்துக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை என்பது மெய்தான். வாளியும் கயிறும் தீவனமும் அங்கே தாராளமாக விற்கின்றன. ஆனால் அவற்றை விலை கொடுத்து வாங்குவோர் சிலரே. பெரும்பாலோர் பக்கத்தில் மாடு கட்டியிருப்பவரிடம் இரவல் வாங்குகின்றனர். அல்லது எல்லா மாடுகளும் வாய் வைக்கும் பொதுத் தொட்டியில் தங்கள் மாட்டையும் விடுகின்றனர். பல ஜில்லாக்களிலிருந்து வந்து கூடியுள்ள நூற்றுக்கணக்கான மாடுகளின் நடுவே இரவல் வாளியும் பொதுத் தொட்டியும் செய்யும் தீங்கு இன்னதென்று அன்றைக்குத் தெரிவதில்லை. மாடு வீடு திரும்பிச் சில நாட்கள் சென்றபிறகு, வாயில் நுரையும் குளம்பில் புண்ணுமாக நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்போது கெடுவது அந்த ஒரு மாடு மாத்திரம் அன்று. அதனோடு ஒரே தொழுவத்தில் நிற்பவையும், ஒரே மேய்ச்சலில் மேயும் ஊர் மாடுகளும் கெடுகின்றன.

பழைய வழக்கத்தில் இருந்த நியாயம்

இவ்விஷயத்தைப் பேசப் புகுந்தால், "எங்கள் பாட்டன்மார் எந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் அதற்கு விடை அக்கேள்வியைக் கேட்பவர்களுக்கே நன்கு தெரியும். அக்காலத்தில் மாடு சந்தைக்கு நடந்து போயிற்று. உடன் ஒரு கூட்டுவண்டி போயிற்று. அவ்வண்டியில் வைக்கோலோ சோளத்தட்டோ நிரப்பப்பட்டிருந்தது. தவிட்டு மூட்டையும், பிண்ணாக்கும், தண்ணீர் காட்டும் பாத்திரமும், முளைக்குச்சியும், கொட்டாப்புளியும், மசி எண்ணெயும், மாற்றுக் கயிறும் வண்டியின் உள்ளும் அடியிலும் தொங்கின. இரவில் மாடு தன் வண்டிச் சக்கரத்திலேயே கட்டப்பட்டது. எஜமானன் வண்டியின் கீழ்ப் படுத்தான். ஆகவே பாட்டன்மார் பெட்டியின்றிப் போகவில்லை. வண்டியே அவர்களுக்குப் பெட்டி. அதுவே தீவனக் களஞ்சியம், அதுவே தொழுவம்.

இக்காலத்தில் லாரி மாட்டை இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விடுகிறது. வண்டி போயிற்று; வண்டியோடு சென்ற சாமான்களும் போயின; அவற்றிற்கு ஈடாக ஒன்றும் வரவில்லை. பயணம் ஒரு வாரத்திலிருந்து அரை நாளாகச் சுருங்கிவிட்டபடியால் சாமான்கள் வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டது பிசகு. பிரயாணம் சுருங்கிற்றே அல்லாமல், சந்தையில் மாடு நிற்கும் நாட்கள் சுருங்கவில்லை. நடந்து போன மாடு வழிநெடுகப் பல ஊர்த் தண்ணீரையும் குடித்துச் சிறிது சிறிதாகப் பழகிற்று. லாரியில் போகும் மாடோ காலையில் தன் தொழுவத்திலும், மாலையில் அந்நிய நிலத்தில் பெருங்கூட்டத்தின் நடுவிலும் நிற்கிறது. அதற்கு முன்னிலும் அதிகமான பாதுகாப்பு வேண்டுமேயொழியக் குறைந்தது போதாது.

தண்ணீரும் வாளியும்

பெட்டியில் முதலாவது வைக்கத்தக்கது வாளி. ஒவ்வொரு மாட்டிற்கும் ஒரு வாளி என்பது விதி. வளர்ந்த மாடு ஒன்று வெயில் காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 40 முதல் 60 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். 15 லிட்டர் கொள்ளும் வாளியால் மூன்று நான்கு முறை காட்டினால் போதுமானதாகும். தண்ணீரைக் குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வேறொரு குடத்தில் எடுத்துத் தன் வாளியில் ஊற்றிக் காட்டவேண்டுமேயன்றி, மாடு குடித்த வாளியைப் பொதுத் தொட்டியில் முக்கி எடுத்தல் கூடாது. அங்ஙனம் செய்தால் தன் வாளி வைத்திருந்தும் பயனில்லை. தன் மாட்டின் எச்சிலைப் பிறருக்கும் பிறர் மாட்டின் எச்சிலைத் தன் மாட்டிற்கும் கொடுத்ததாகவே முடியும்.

கோமாரி நோயின் கிருமி நோயுற்ற மாட்டின் உமிழ்நீர், மூக்குச்சளி, பால், சாணம் ஆகியவற்றில் வெளிப்படுகிறது. புண் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே அது வெளிப்படத் தொடங்குகிறது என்பதைக் குடியானவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். "பக்கத்து மாடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று பார்வையால் நிச்சயித்து இரவல் வாங்குவதில் உள்ள ஆபத்து இதுவே. முற்காலத்தில் சந்தைகளின் வழியாகப் பரவிக் கிராமங்களைச் சூறையாடிய வெக்கை நோய் இந்தியாவை விட்டு நீங்கியதாக 2006-ம் வருஷத்திலும், உலகத்தை விட்டே நீங்கியதாக 2011-ம் வருஷத்திலும் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியைக் கண்டு இனிப் பயமில்லை என்று இருந்துவிடலாகாது. கோமாரி இன்னும் நீங்கவில்லை. ஈக்களாலும் கொசுக்களாலும் உண்ணிகளாலும் பரவும் தோல் கழலை நோய் 2019-ம் வருஷத்தில் இந்தியாவில் முதன்முதல் தோன்றி, 2022-ம் வருஷத்தில் பல ராஜ்யங்களில் பெருஞ்சேதம் விளைத்தது.

புதுத் தண்ணீரை மாடு குடிக்க மறுப்பதும் உண்டு. ஊர்க் கிணற்றின் சுவைக்குப் பழகிய மாடு, குழாய் நீரின் மருந்து வாசனையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும். தீனி குறைந்தால் ஒரே நாளில் வயிறு ஒட்டி, விலாவில் குழி விழும். இரண்டு மாதம் பருத்திக்கொட்டை வைத்து வளர்த்த மெருகு இரண்டு நாளில் அழிந்துபோகும். இதற்குப் பரிகாரம் எளிது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னிருந்தே குடிக்கும் தண்ணீரில் சிறிது வெல்லமோ தவிடோ கலந்து பழக்கிவிட்டு, சந்தையிலும் அதே அளவு கலந்து காட்டினால் மாடு வேற்றுமை பாராட்டாமல் குடிக்கும். ஆகையால் வாளியினுள்ளேயே ஒரு பொட்டலம் வெல்லத்தை வைத்துக் கட்டிவிடுவது நலம்.

தீவனம்

காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று வளர்ந்த மாட்டிற்குச் சந்தையில் திடீரென்று வேறு தீவனம் போடுவதால் நேரும் கேடு சிறிதன்று. மாட்டின் பெருவயிற்றில் தீனியைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள், பழகிய தீவனத்திற்கு ஏற்றபடி அமைந்தவை. தீவனம் மாறினால் அவையும் மாறவேண்டும். அதற்குப் பல நாட்கள் செல்லும். அதற்கிடையில் மாடு கழிச்சலுக்கோ உப்புசத்திற்கோ ஆளாகிறது. ஆகவே வீட்டில் தின்ற தட்டையும், வீட்டில் தின்ற பிண்ணாக்கையுமே கூடக் கொண்டுபோதல் வேண்டும்.

அளவைக் கணக்கிடுதல் கடினமன்று. 400 கிலோ எடையுள்ள எருது ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ சோளத்தட்டும், 2 கிலோ அடர்தீவனமும் போதுமானவை. ஒரு ஜோடி எருதுகள் நான்கு நாட்கள் தங்குவதாயின் தட்டு 64 கிலோவும் அடர்தீவனம் 16 கிலோவும் ஆகின்றன. விலை படியாமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரிடலாம்; மழையில் ஒரு கட்டு நனைந்து கெடலாம். ஆகையால் ஒரு நாளைய பங்கைச் சேர்த்துத் தட்டு 80 கிலோவும் அடர்தீவனம் 20 கிலோவுமாகக் கொண்டுபோக வேண்டும். அடர்தீவனத்தை ஒரே மூட்டையாகக் கட்டாமல், ஒரு நாளைக்கு ஒரு பை வீதம் தனித்தனியே கட்டி, உப்பையும் தாது உப்புக் கலவையையும் அதனதன் பையிலேயே போட்டுவிட்டால், இரவில் இருட்டில் அளந்து கொண்டிருக்க வேண்டியதில்லை. மாட்டைப் பையனிடம் ஒப்புவித்துப் போனாலும் அளவு தவறாது.

நடுவர் பார்க்கும் தினத்தில் மாடு பருத்துத் தோன்றவேண்டும் என்று, முதல் நாள் இரவு சோற்றையும் கம்பங்கூழையும் வயிறு முட்ட ஊட்டும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது மாட்டிற்குச் செய்யும் துரோகம் என்றே கூறவேண்டும். பழகாத மாட்டின் பெருவயிற்றில் மாப்பொருள் மிகுதியாகச் சேர்ந்தால் புளித்து அமிலமாகி, மாடு தீனியை விட்டு நின்று, சில சமயம் இறந்தும் போகும். அவ்விதமே, சந்தைக்கு அருகில் மலிவாகக் கிடைக்கிறது என்று, வாடிய இளம் பச்சைச் சோளப்பயிரை வாங்கிப் போடுதலும் கூடாது. அதில் உண்டாகும் நஞ்சு மாட்டைச் சிறிது நேரத்தில் வீழ்த்திவிடும். தன் தட்டைத் தானே கொண்டுபோனவனுக்கு இவ்விரு சோதனைகளும் இல்லை.

கயிறும் முளையும்

நைலான் கயிறு மலிவானது, நீடித்து உழைப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால் மிரண்ட மாடு இழுக்கும்போது அது கழுத்தையும் மூக்கையும் அறுத்துவிடும்; மனிதன் கையையும் அறுக்கும். ஆகையால் சந்தைக்குப் போகும் மாட்டிற்குப் பருத்திக் கயிறே தக்கது. மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்துக்கயிறு ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு மாற்று இருக்கவேண்டும். புது மூக்கணாங்கயிற்றைச் சந்தைக்குப் புறப்படும் தினத்தில் மாற்றுதல் கூடாது. மூக்கில் புண் உண்டாகி, நடுவர் கை வைத்தவுடன் மாடு தலையை உதறும். இரண்டு வாரத்திற்கு முன்னரே மாற்றிவிட வேண்டும்.

முளைக்குச்சிகள் இரண்டும் ஒரு கொட்டாப்புளியும் அவசியம் வேண்டும். அண்டை வீட்டாரின் முளையில் கட்டிய மாடு அண்டை வீட்டார் மாட்டோடு முட்டுவது இயல்பு. கட்டும் முடிச்சு ஒருமுறை இழுத்தால் அவிழும்படியான உருவு முடிச்சாக இருத்தல் நலம். நெருப்போ, வெடிச்சத்தமோ, முரட்டுக் காளையோ வந்தபோது கடுமுடிச்சை அவிழ்க்க நேரம் கிடையாது. கைமின்விளக்கு ஒன்றும் இத்துடன் சேர்த்து வைக்கத்தக்கது.

அலங்காரமும் தூய்மையும்

சலங்கையும் பட்டமும் வேண்டாம் என்று இங்கே சொல்லப்படவில்லை. விழாவிற்கு அவை அழகே. ஆனால் அவற்றிற்குச் செலவழிக்கும் தொகையில் நாலில் ஒரு பங்கைக்கூட வாளிக்கும் கயிற்றுக்கும் செலவிட மனம் வராமை வியப்பாகும். மேலும், சாயமும் வர்ணமும் மாட்டின் குணத்தை மறைப்பவை. காங்கயம் கன்று செம்மை நிறத்தோடு பிறந்து, ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறுகிறது; காளைக்குத் திமிலிலும் முன்பாகத்திலும் பின்பாகத்திலும் கருமை ஏறுகிறது; காயடித்த எருதில் அக்கருமை வெளுக்கிறது. இந்நிற மாற்றங்களைக் கொண்டே ஜாதியின் சுத்தத்தையும் காளையின் வீரியத்தையும் அறிந்தோர் மதிப்பிடுகின்றனர். மஞ்சளைப் பூசி அதை மறைத்தவன், தன் மாட்டின் சாட்சியைத் தானே கலைத்தவனாகிறான். கொம்பை அதிகமாகச் சீவி மெலியச் செய்வதும் இத்தகையதே. சுழியையும், பல்லையும், குளம்பையும் பார்க்கத் தெரிந்தவன் வர்ணத்திற்கு விலை கொடுப்பதில்லை.

வேண்டியவை சிலவே. உடம்பு தேய்க்கத் தேங்காய் நாரோ நார்த்தூரிகையோ ஒன்று. கண்ணோரமும் மூக்கும் துடைக்க இரண்டு மெல்லிய துணிகள். குளம்பின் இடையில் சேறும் கல்லும் எடுக்க ஒரு மழுங்கிய குச்சி. கொம்பிற்கும் குளம்பிற்கும் தடவச் சிறிது தேங்காயெண்ணெய். முதல் நாள் மாலையில் குளிப்பாட்டி, காலையில் உலர்ந்த துணியால் மயிர் படியும் திசையில் தேய்த்துவிட்டால் தோல் தானே மின்னும். தூரிகையும் துணியும் வாளியைப் போலவே பிறர் மாட்டிற்கு இரவல் கொடுக்கத்தக்கன அல்ல. இதைச் சொல்லி மறுப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணிக் கூச்சப்படுவோர், நோய்க்குக் கூச்சம் கிடையாது என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

மருந்தும் கடிதங்களும்

மருத்துவருக்குப் பதிலாக நிற்பது மருந்துப் பெட்டியின் வேலை அன்று. மருத்துவர் வருமட்டும் மாட்டைக் காப்பதே அதன் வேலை. சுத்தமான பஞ்சு, கட்டுத்துணி, புண் கழுவும் மருந்து, ஈ மொய்க்காதிருக்க வேப்பெண்ணெய், உப்புசத்திற்கு ஊட்டக் கடலையெண்ணெய் அரை லிட்டர் ஆகிய இவை போதும். எண்ணெயை ஊட்டும்போது மாட்டின் தலையை மிகவும் உயர்த்தி நாக்கைப் பிடித்திழுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் சென்று மாடு மாண்டுபோகும். ஆகையால் பழகிய கையே அதைச் செய்யவேண்டும். உடனே மருத்துவரையும் அழைப்பித்தல் வேண்டும். லாடம் அடித்த எருதாயின் மாற்று லாடமும் ஆணியும் சேர்க்கவும்.

நீர் புகாத ஓர் உறையில் கடிதங்களை வைக்கவேண்டும். அவையாவன: காதில் உள்ள 12 இலக்க அடையாள எண்ணைக் குறித்த சீட்டு, தடுப்பூசிக் குறிப்பு, கால்நடை மருத்துவர் தந்த ஆரோக்கியச் சான்று, காளையாயின் தாய் தந்தையின் விவரம், கன்று ஈன்ற தேதி ஆகியவை. 1978-ம் வருஷத்திய மிருகப் பிரயாண விதிகளின்படி, மாடு பிரயாணத்திற்குத் தக்கது, தொற்றுநோய் இல்லாதது என்னும் மருத்துவர் சான்று இன்றி அதை ஏற்றுதல் கூடாது. அவ்விதிகளின்படியே ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது. தளத்தில் வழுக்காதபடி தென்னை நார்ப் பாயோ பலகையோ பரப்பவேண்டும். உடன் ஓர் ஆள் போகவேண்டும். மாடுகள் எஞ்சினை நோக்கி நிற்பது நலம். லாரிக்காரரிடம் பாய் இருக்கும் என்று நம்பாமல், இரண்டு பழைய நார்ப் பாய்களைத் தானே கொண்டுபோகிறவன் மாட்டின் முழங்காலைக் காப்பாற்றுகிறான். அதே பாய் சந்தையில் மாடு படுக்கவும் உதவும்.

பெட்டியைக் கட்டும் முறை

இவை யாவற்றையும் கொள்ளப் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று போதுமானது. கடைசியில் வேண்டியவற்றை அடியிலும், முதலில் வேண்டியவற்றை மேலேயும் வைத்தல் முறை. இறங்கியவுடன் வேண்டியவை முளை, கொட்டாப்புளி, கயிறு, வாளி. ஆகையால் இவை மேலே இருக்கட்டும். அலங்காரச் சாமான்கள் அடியில் இருக்கட்டும். மருந்தும் கடிதங்களும் பெட்டியின் ஓரத்தில், தேடாமல் கை செல்லும் இடத்தில் இருக்கட்டும். தீவன மூட்டைகள் வேறாக இருக்கும். பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில் சாமான்களின் ஜாபிதா ஒன்றை எழுதி ஒட்டிவிட்டால், போகும்போதும் வரும்போதும் சரிபார்க்கலாம். வாளியிலும் கொட்டாப்புளியிலும் பெயரைப் பெயிண்டினால் எழுதிவிடுதல், தொலையாமல் காக்கும். இரவல் கேட்பதையும் குறைக்கும்.

இதற்கு ஆகும் செலவைப் பற்றி ஆட்சேபம் கூறுவோருக்கு விடை எளிது. மேற்சொன்ன சாமான்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் ஏற்கனவே உள்ளவை. இல்லாதவற்றை ஒருமுறை வாங்கினால் பல வருஷம் உழைக்கும். பெட்டி புதிதாக வாங்கவேண்டியதும் இல்லை. இதில் குறைவது பணம் அன்று, முன்யோசனையே. ஒரு ஜோடி எருதின் மதிப்பை நினைத்துப் பார்ப்பவர், அதைக் காக்கும் இரண்டு வாளிகளின் விலையைப் பற்றிப் பேச வெட்கப்படுவர்.

கிராம அதிகாரிகளும் சந்தை நடத்துவோரும் செய்யத்தக்கவை

இவ்விஷயத்தில் முழுப் பொறுப்பையும் குடியானவர்மேல் சுமத்துதல் நியாயமாகாது. பொதுத் தொட்டியைத் தவிர வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், தன் வாளி வைத்திருப்பவனும் என் செய்வான்? ஆகையால் சந்தை நடத்துவோர் தொட்டி கட்டுவதைக் காட்டிலும் குழாய்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதே மேலானது. தொட்டி இருந்தே தீரவேண்டுமாயின் அதைத் தினந்தோறும் கொட்டிக் கழுவுதல் வேண்டும். நோய்க்குறி கண்ட மாட்டை நிறுத்த, மற்ற மாடுகளினின்றும் காற்றோட்டத்திற்குக் கீழ்ப்புறமாக, விலகிய ஓர் இடத்தை முன்னதாகவே ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சித் தலைவரும், சந்தை கூடுவதற்கு ஒரு மாதத்திற்குக் குறையாமல் முன்னதாக, தங்கள் ஊரிலிருந்து மாடு கொண்டுபோக இருப்போரைக் கணக்கெடுத்துக் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் மிக்க பிரயோஜனம் தரும். 2019-ம் வருஷத்தில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ்க் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்திற்கு ஒருமுறை இலவசமாகப் போடப்படுகிறது. ஆயினும் ஊசி போட்ட அன்றே அது பலன் தருவதில்லை. காப்புச்சக்தி உண்டாக இரண்டு மூன்று வாரம் செல்லும். புறப்படும் நாளில் மருத்துவரைத் தேடுவது சான்றுக்கு உதவலாம், மாட்டிற்கு உதவாது.

இனி, கண்காட்சிகளில் பரிசு வழங்குவோர் ஆலோசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. இக்காலத்தில் பரிசு மாட்டின் அங்க லட்சணத்திற்கு மாத்திரம் தரப்படுகிறது. அத்துடன், சொந்த வாளியும் சொந்தத் தீவனமும் கொண்டுவந்து, கட்டுமிடத்தைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு ஒரு தனிப் பரிசு ஏற்படுத்தலாம். தொகை சிறிதாயினும் குற்றமில்லை. ஒருவருக்குக் கிடைத்த பரிசைக் கண்டு அடுத்த வருஷம் பத்துப் பேர் வாளி கொண்டுவருவர். அதற்குமேல் ஒரு படி சென்று, தனி வாளியின்றி எந்த மாட்டையும் மைதானத்தில் சேர்ப்பதில்லை என்று விதி செய்வதும் தகாததன்று. இதனால் ஏழைக் குடியானவர்கள் வருந்துவர் எனில், ஊராட்சியோ பால் கூட்டுறவுச் சங்கமோ சில வாளிகளை வைத்திருந்து, ஒரு மாட்டிற்கு ஒன்றாகக் கொடுத்து, திரும்பப் பெற்றபின் சலவைச் சோடாக் கரைசலில் கழுவி வைக்கலாம். நோயினால் அதிகம் நஷ்டமடைகிறவர் ஏழையே. பத்து மாடு உள்ளவருக்கு ஒரு மாடு போனால் பத்தில் ஒன்று போயிற்று. ஒரே ஜோடி உள்ளவருக்கு ஒன்று போனால் அந்த வருஷத்து உழவே நின்றது. ஆகையால் இவ்விதி ஏழைக்குச் சுமை அன்று, அவருக்கே காப்பு.

திரும்பி வந்தபின்

பெட்டியின் வேலை சந்தையோடு முடிவதில்லை. மிகுந்துபோன தட்டை வீட்டிற்குத் திரும்பக் கொண்டுவருதல் கூடாது. தீவனத்தைச் சந்தையிலேயே விட்டுவருவது லாபம். 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்தால் நூற்றுக்கு நான்கு வீதம் ஆகும். கோமாரிக் கிருமியைக் கொல்ல இக்கரைசல் வல்லது. வாளி, முளை, தூரிகை, செருப்பு ஆகியவற்றை ஊருக்குள் நுழையுமுன் இதனால் கழுவவேண்டும். முதலில் சாணமும் மண்ணும் போகத் தண்ணீரால் தேய்த்துவிட்டுப் பிறகே கரைசலை ஊற்றவேண்டும். கயிறுகளையும் துணிகளையும் பாய்களையும் அதிலேயே ஊறவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும். உடுத்திச் சென்ற துணியை மாற்றிக்கொண்ட பின்னரே வீட்டு மாடுகளை நெருங்கவேண்டும். சலவைச் சோடா ஒரு கிலோ பெட்டியிலேயே இருக்கட்டும்.

சந்தையிலிருந்து மீண்ட மாட்டையும், அங்கே வாங்கிய மாட்டையும் நான்கு வாரம் வேறிடத்தில் கட்டி, அதே தனி வாளியில் தண்ணீர் காட்டவேண்டும். வீட்டு மாடுகளுக்குத் தீனி வைத்தபிறகே இவற்றிற்கு வைக்கவேண்டும். இடமில்லை என்பார் தோட்டத்து மரத்தடியைப் பயன்படுத்தலாம். பரிசு பெற்ற காளையைப் பார்க்க ஊரார் கூடுவது சகஜமே; ஆயினும், அவர்கள் தொட்ட கையோடு தங்கள் தொழுவத்திற்குப் போகாதபடி சொல்லுதல் உடையவரின் கடமையாகும்.

காங்கயம் ஜாதியை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் போன்ற பெருநிலக்காரர்களும், அவர்களைச் சுற்றியிருந்த எண்ணற்ற சிறு குடியானவர்களுமாவர். தலைமுறை தலைமுறையாகக் காளையைத் தேர்ந்து கன்றைக் காத்து அவர்கள் சேர்த்தது, டிராக்டர் வந்தபின் எண்ணிக்கையில் பெரிதும் குறைந்துவிட்டது. பர்கூர், உம்பளச்சேரி, புலிக்குளம் மாடுகளின் நிலைமையும் இத்தகையதே. மாடு குறைந்த காலத்தில் நல்ல காளை ஒன்று நோயால் வீழ்ந்தால், போவது அதன் விலை மட்டுமன்று. அது ஈந்திருக்கக்கூடிய கன்றுகளும் போகின்றன. நல்ல காளையும் நல்ல பசுவும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாகச் சந்தை இன்னும் விளங்குகிறது. அதை மூடிவிட வேண்டும் என்பது இதனால் பெறப்படவில்லை. சந்தை நிலைக்கவேண்டும் என்று விரும்புகிறவர், ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பாரமாக நினைத்தல் ஆகாது.

வரும் சந்தைக்கு மாடு கொண்டுபோக எண்ணியுள்ள விவசாயப் பெருமக்கள் இந்த வாரத்திலேயே பழைய டிரங்குப் பெட்டியை வெளியே எடுத்துத் துடைத்து, மூடியின் உட்புறத்தில் கீழ்க்கண்ட ஜாபிதாவை எழுதி ஒட்டிக்கொள்வார்களாக: மாட்டிற்கொரு வாளி; தண்ணீர் எடுக்கக் குடம்; வெல்லம்; நாள்வாரியாகக் கட்டிய அடர்தீவனப் பைகள்; தட்டு; உப்பு; மூவகைக் கயிறும் மாற்றும்; முளை இரண்டு; கொட்டாப்புளி; நார்ப் பாய் இரண்டு; தூரிகை, துணி, தேங்காயெண்ணெய்; மருந்துப் பொருள்கள்; லாடமும் ஆணியும்; கைமின்விளக்கு; கடித உறை; சலவைச் சோடா. இவை யாவும் சேர்ந்த பின் இடம் மிகுந்தால் சலங்கையையும் பட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம்.